கத்தியை வாங்கு, கதையை வாங்காதே

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 ஒரு பண்டிகை மாதிரி. துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் அன்றைக்குத்தான் திறக்கிறது. சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கு லீவே விட்டுவிடுகிறார்கள். அக்டோபரிலேயே கடைகளில் ஆரஞ்சு கலர் கோட்டும் பூட்ஸும் கத்தியும் குவிந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரத்து தி.நகரை நினைத்துக்கொள்ளுங்கள். புடவைக்குப் பதில் கத்தி.

எலுமிச்சம்பழம் நறுக்குவதற்கு மேல் எனக்கும் கத்திக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் சில வருடங்களுக்கு முன் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது, டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு கத்தியை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியை அல்ல, அதன் பிடியை.

'எஸ்டேட் சேல்' என்று அங்கே ஒன்று நடக்கும். வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டாலோ, முதியோர் இல்லத்துக்குக் கிளம்பினாலோ, வீட்டில் இருக்கும் அத்தனைக்கும் விலை ஒட்டி, வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், அலமாரியைத் திறக்கலாம். "வாங்க மாமா, சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று மாப்பிள்ளை கூட்டிப் போனார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டுப் படுக்கையறையில் செருப்பைக்கூட கழற்றாமல் நடப்பதாவது!

கராஜில் ஒரு மேஜை. மீன் தூண்டில்கள், ரெஞ்சுகள், துருப்பிடித்த ஆணி நிறைந்த காபி டப்பாக்கள். நடுவில் அந்த வேட்டைக் கத்தி. இரும்பில் 'மார்பிள்ஸ், கிளாட்ஸ்டன், மிச்.' என்று முத்திரை. வெப்ஸ்டர் மார்பிள் என்பவர் அதே மாநிலத்தின் வடக்கு மூலையில் தொடங்கிய கம்பெனி. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க வேட்டைக்காரன் இடுப்பில் இருந்த கத்தி பெரும்பாலும் அவர்களுடையது, அல்லது அவர்களைப் பார்த்துச் செய்தது.

பிடிதான் வினோதம். தோல் வில்லைகளை அடுக்கிய பழுப்புப் பிடி இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வில்லைகள். காலத்தில் தேன் நிறமாகிவிட்டிருந்தன. இடையிடையே அலுமினியத் தகடு, மெல்லிய சிவப்பு வளையங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் சர்பத் மாதிரி மின்னியது.

மேஜைக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மாள். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். முன்னால் ஒரு வியாபாரி, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. இரும்பைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், திருப்பினார். பத்து நொடிகூட ஆகவில்லை.

"பிடி ஒரிஜினல் இல்லை. நாற்பது டாலர் தரலாம்."

"எங்க அப்பா செஞ்ச பிடி அது. பசிபிக்ல, ஒரு தீவுல, விழுந்து கிடந்த விமானத்தோட கண்ணாடியை அறுத்துச் செஞ்சாராம்" என்றார் அம்மாள்.

வியாபாரி மரியாதையாகத்தான் சிரித்தார். "எங்க தொழில்ல ஒண்ணு சொல்வாங்க. கத்தியை வாங்கு, கதையை வாங்காதே."

ஆங்கிலத்தில் அது சாதாரண வாக்கியம். தமிழில்தான் எதுகை மோனையோடு பழமொழி மாதிரி விழுகிறது. அந்த வாக்கியத்தைத்தான் இந்த வாரம் விமர்சிக்கப் போகிறேன். புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், பழமொழிக்கு எழுதக்கூடாதா?

வியாபாரி பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பாளர்கள் கத்தியின் பிடியைப் படிக்கும் விதம் சாதாரணமானதல்ல. இரும்பில் முத்திரை இருக்கும், யாரும் படித்துவிடலாம். முத்திரையைப் போலி செய்வதும் சுலபம். பிடியைப் போலி செய்வது கஷ்டம். ஏனென்றால் அதில்தான் செய்தவனின் பழக்கம் இருக்கிறது.

இந்த வித்தைக்குக் கலை உலகத்தில் ஒரு மூதாதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியில் ஜொவான்னி மொரெல்லி என்று ஒருவர். மருத்துவம் படித்தவர். பழைய ஓவியம் யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க முகத்தையும் பாவத்தையும் பார்க்காதே, காதையும் நகத்தையும் பார் என்றார். முகத்தை எல்லோரும் கவனமாக வரைவார்கள், சிஷ்யனும் குருவைப் பார்த்து நகலெடுப்பான். காது மடல் வரையும்போது கை தன் போக்கில் போகும். அங்கேதான் ஆள் மாட்டிக்கொள்வான். 1870களில் இவான் லெர்மோலியெஃப் என்று ரஷ்யப் புனைபெயரில் இதை ஜெர்மன் மொழியில் எழுதினார். ட்ரெஸ்டன் மியூசியத்தில் வேறு பெயரில் கிடந்த ஒரு வீனஸை, இது ஜார்ஜோனே என்று அடையாளம் சொன்னவர் அவர்தான். சிக்மண்ட் ஃபிராய்டு 1914-ல் மைக்கலாஞ்சலோவின் மோசஸ் சிலை பற்றி எழுதியபோது, இவர் முறையும் என் முறையும் உறவுக்காரர்கள் என்கிற பொருளில் குறிப்பிட்டிருக்கிறார். கத்திக்குப் பிடிதான் காது மடல்.

உதாரணங்கள் பார்க்கலாம். வில்லியம் ஸ்கேகல். மிச்சிகன்காரர்தான், ஃப்ரூட்போர்ட் என்கிற ஊர். 1963-ல் காலமானவர். முத்திரையாக மலாய் தேசத்து கிரிஸ் எனும் நெளிந்த குறுவாளைப் போட்டுக்கொண்டார். அவர் பிடி எப்படி இருக்கும்? தோல் வில்லை, பித்தளை, ஃபைபர் என்று மாறி மாறி அடுக்கி, கடைசியில் மான்கொம்பின் அடிக்குமிழை அப்படியே வைத்து முடித்திருப்பார். கல்யாண வீட்டு ஜமுக்காளம் மாதிரி கோடுகள். கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் கையில் பிடித்தால் ஈரக்கையிலும் வழுக்காது என்று தெரிகிறது. கொம்புக் குமிழ் உள்ளங்கை ஓரத்தில் வந்து முட்டி, போதும் என்று நிறுத்துகிறது. அலங்காரமும் உபயோகமும் சண்டை போடாத இடம்.

1930களில் வால்டர் டோன் ராண்டல், செல்லமாக 'போ' ராண்டல், மிச்சிகனில் வாலூன் ஏரிக்கரையில் ஒருவர் படகின் பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவ்வளவு சுரண்டியும் கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்தால் ஸ்கேகல் செய்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, தானும் செய்து பார்க்கத் தொடங்கினார். ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் இப்படித்தான் ராண்டல் கத்திகள் பிறந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் கடிதம் எழுதி, சொந்தக் காசில் வாங்கினார்கள். ராண்டலின் பட்டியலில் ஒரே கத்திக்குத் தோல் பிடி, கொம்புப் பிடி, மைக்கார்ட்டா பிடி என்று வாங்குபவர் கேட்டபடி மாற்றித் தருவார்கள். இடையில் வரும் வளையங்களின் நிறம், எண்ணிக்கை, வரிசை இவற்றை வைத்து இன்ன காலத்தது என்று சொல்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள். கல்வெட்டில் எழுத்தின் சுழியைப் பார்த்து நூற்றாண்டு சொல்வது போல.

மூன்றாமவர் பாப் லவ்லெஸ். 1950களில் கப்பலில் வேலை பார்த்த இளைஞர். நியூயார்க்கில் அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் கடையில் ஒரு ராண்டல் கத்தி கேட்டார். (இன்றைக்கு ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் விற்கும் அதே பெயர்தான். அப்போது அது வேட்டைச் சாமான் கடை.) மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நானே செய்துகொள்கிறேன் போ என்று கிளம்பியவர், பழைய பேக்கார்டு காரின் ஸ்பிரிங் பட்டையில் முதல் கத்தியைச் செய்தார். அவரே சொன்ன கதை இது. பிற்பாடு கலிஃபோர்னியாவில் ரிவர்சைடில் பட்டறை வைத்து, 2010-ல் இறக்கும்போது அந்த உலகத்தின் பிதாமகராக இருந்தார்.

லவ்லெஸ் பிடியில் கோடும் கிடையாது, குமிழும் கிடையாது. இரும்பு கைப்பிடிக்குள் கடைசிவரை போகும், ஆனால் போகப் போக மெலியும். எடை முன்னும் பின்னும் சமமாகிவிடும். இரண்டு பக்கமும் பச்சை மைக்கார்ட்டா. இரும்புக்கும் அதற்கும் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு. வேட்டிக்குச் சன்னக் கரை வைத்தது போல. மைக்கார்ட்டா என்றதும் பயந்துவிடாதீர்கள். துணியையோ காகிதத்தையோ பிசினில் தோய்த்து, அடுக்கி, சூடு பண்ணி அழுத்தியது. நம் வீட்டுப் பழைய சுவிட்ச் போர்டில் ஹைலம் ஷீட் இருக்குமே, அதன் பெரியப்பா மகன். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மின்சாரக் காப்புக்காகச் செய்த பொருள், கைக்கு இதமாக இருக்கிறது என்று கத்திக்கு வந்துவிட்டது. யானைத் தந்தம் வைக்கிற இடத்தில் சுவிட்ச் போர்டை வைத்து, அதை அழகு என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தாரே, அதுதான் கலைஞன். மூன்று பேரில் என் ஓட்டு இவருக்கு.

இவர் கத்திகள் பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன. ஆகவே போலிகளும் ஏராளம். ஆகவே பிடி பார்க்கும் சாஸ்திரமும் வளர்ந்திருக்கிறது.

அதில் சிலவற்றைச் சொல்கிறேன். கத்தி வாங்காவிட்டாலும் பழைய பொருள் எதை வாங்கும்போதும் உபயோகப்படும்.

ஒன்று, அளவுக்கு மீறிய பொருத்தம். தந்தமும் கொம்பும் உயிருள்ளதிலிருந்து வந்தவை, காலப்போக்கில் சுருங்கும். அறுபது வருஷத்துக் கத்தியில் கொம்பு இரும்போடு இழைத்து வைத்த மாதிரி ஒட்டியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். நேற்றுப் போட்ட பிடியாக இருக்கலாம்.

இரண்டு, பசை. அரால்டைட் மாதிரி எபாக்ஸிப் பசைகள் 1940களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தன. 1920-ல் செய்தது என்று சொல்லும் கத்தியின் பிடிக்குள் அரால்டைட் எட்டிப் பார்த்தால், நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் இந்தப் பசைகள் பலவும் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸ்ரே எடுத்தால் பிடிக்குள் உள்ள இரும்பில் உபயோகிக்காத பழைய ஆணித் துளைகள் தெரியும்.

மூன்று, பொருள். தந்தம் என்று சொன்னால் குறுக்கு வெட்டைப் பாருங்கள். வலைப்பின்னல் மாதிரி ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் இருக்கும். வெளி ஓரத்தில் அந்தக் கோடுகள் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 115 டிகிரிக்கு மேல் அகன்றிருந்தால் இன்றைய யானை. 90-க்குள் குறுகியிருந்தால் பனியில் புதைந்து கிடந்த மாமத். இது வெறும் ரசனைப் பிரச்னை இல்லை, சட்டப் பிரச்னை. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தை 1989-ல் தடை செய்தார்கள். அமெரிக்கா 2016-ல் உள்நாட்டு விற்பனையையும் ஏறக்குறைய முழுக்க இறுக்கிவிட்டது. கோடே இல்லாமல், அல்லது ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடாக இருந்தால், அது பெரும்பாலும் செல்லுலாய்டு. பழைய செல்லுலாய்டைத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும், கற்பூரம் சேர்த்துத்தான் செய்தார்கள். முதுமையில் அது அமில ஆவி விட ஆரம்பித்து, தான் கட்டிப்பிடித்திருக்கும் இரும்பையே அரித்துவிடும். சில தாம்பத்யங்கள் மாதிரி.

நான்கு, கொம்பு. இங்கே நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் கத்திப் பிடிக்கு மிகவும் விரும்பியது இந்தியக் கடமானின் கொம்பு. மிளா என்றும் சொல்வோமே, அது. மாட்டுக்கொம்பு வேறு, மான்கொம்பு வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை என்பதால் நாம் யோசிப்பதில்லை. மாட்டுக்கொம்பு நகம் மாதிரியான பொருள், ஆயுசுக்கும் ஒன்றுதான். மான்கொம்பு எலும்பு. உதிர்ந்து, மறுபடி முளைக்கும். கடமான் கொம்பு உள்ளே சோறு குறைவாக, கெட்டியாக இருக்கும். காட்டில் உதிர்ந்ததைப் பொறுக்கி மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றினார்கள். உதிர்ந்ததா, சுட்டு எடுத்ததா என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? 1990களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. அன்றிலிருந்து மேல்நாட்டுக் கத்திக்காரர்கள் வட அமெரிக்க எல்க் கொம்பையும், மாட்டுக் கால் எலும்பில் கோடு செதுக்கிச் சாயம் ஏற்றியதையும் அதிகம் நாடுகிறார்கள். அசல் கொம்பின் மேடு பள்ளம் ஒரு இடம் போல் இன்னொரு இடம் இருக்காது. செதுக்கிய எலும்பில் உளி நடந்த தாளம் தெரியும்.

இவ்வளவையும் அந்த வியாபாரி ஒருவேளை தூக்கத்திலும் சொல்வார். இதெல்லாம் உண்மையான படிப்பு. கேலி செய்ய மாட்டேன்.

என் தகராறு வேறு இடத்தில். இத்தனை நுணுக்கமாகப் பார்க்கிற கண், கடைசியில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: "கம்பெனி போட்ட பிடியா, இல்லையா?" ஆமென்றால் பணம், இல்லையென்றால் குப்பை. மொரெல்லி காது மடலைப் பார்த்தது மனுஷனைக் கண்டுபிடிக்க. இவர்கள் காது மடலைப் பார்ப்பது பிராண்டைக் கண்டுபிடிக்க. முன்னது விமர்சனம். பின்னது சுங்கச்சாவடி.

'கஸ்டம்' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டமருக்காகச் செய்தது என்று அர்த்தம். ஒருவன் கை அகலம் இவ்வளவு, விரல் குட்டை, பனியில் வேலை பார்க்கிறவன், அவனுக்கு ஏற்ற பிடி. தையற்காரர் அளவெடுப்பது போல. இன்றைக்குக் 'கஸ்டம் கத்தி' என்றால் புகழ்பெற்றவர் செய்தது, எந்தக் கைக்கும் அளவெடுக்காதது, எதையும் வெட்டாதது. இப்படிப் பெட்டகத்தில் பூட்டி வைக்கும் கத்திக்கு 'சேஃப் குயின்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் பீரோ ராணி. தேய்மானம் இருந்தால் விலை குறையும். அதாவது, பிடிக்கப்பட்ட பிடிக்கு மதிப்புக் குறைவு. ஒரு புத்தகம் பக்கம் பிரிக்காமல் இருந்தால்தான் உயர்ந்த இலக்கியம் என்று ஒரு விமர்சகன் சொன்னால் அவனை என்ன செய்வோம்?

அடுத்தது, 'கதையை வாங்காதே'. ராண்டலின் விலையில் வாலூன் ஏரிக்கரைப் படகு இல்லையா? லவ்லெஸ் விலையில் அந்த பேக்கார்டு ஸ்பிரிங் இல்லையா? நானே உங்களுக்கு மேலே இரண்டு கதையும் சொல்லிவிட்டுத்தான் கத்தியைப் பற்றிப் பேசினேன். நீங்களும் அதைத்தான் ஞாபகம் வைத்திருப்பீர்கள், மைக்கார்ட்டாவை அல்ல. கதையை வாங்காதே என்று சொல்கிறவர்கள் கதைக்குத்தான் பெருந்தொகை கொடுக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவை அச்சில் வந்த கதைகள். கராஜில் ஒரு கிழவி சொல்வது அச்சில் வராத கதை.

ஆனால், எந்தக் கிழவி சொன்னாலும் நம்பிவிடலாமா? அதுவும் முடியாது. நான் மிச்சிகன் கராஜுக்கே திரும்பிப் போகிறேன்.

அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வேண்டாத வேலைதான், ஆனாலும் வியாபாரியிடம், "அந்த அம்மா சொல்றது நிஜமா இருக்க வாய்ப்பே இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் கத்தியை மறுபடி எடுத்தார். இந்த முறை பிடியை மட்டும் பார்த்தார். கதை நடந்திருக்கலாம் என்றார். பசிபிக் தீவுகளின் ஈரத்தில் தோல் பிடி பூஞ்சணம் பிடித்து அழுகும். பிடி போன கத்திக்குச் சிப்பாய்கள் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார்கள். விமானத்தின் முகப்பில் பிளெக்ஸிகிளாஸ் இருந்தது. லேசாக அறுக்க வரும், ராவ வரும், பாலிஷ் ஏறும். கைத்துப்பாக்கியின் பிடிப் பட்டையைக்கூட இதில் செய்து, உள்ளே காதலியின் போட்டோவை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. சிவப்பு வளையம் ஏதாவது டூத் பிரஷ் பிடியாக இருக்கலாம்.

"ஆனா," என்றார், "இதே மாதிரிப் பிடியை யுத்த சமயத்துல இங்கேயே வீட்டு ஷெட்ல உட்கார்ந்தும் நிறைய பேர் செஞ்சாங்க. பிளெக்ஸிகிளாஸ் பசிபிக்ல இருந்துதான் வரணும்னு இல்லையே. இதுல எதுவும் தீவு பேரைச் சொல்லலை."

நியாயம். வாதம் செய்ய எனக்கு ஒன்றுமில்லை. அவர் கத்தியை என் கையில் கொடுத்தார், பாருங்கள் என்று.

பிடித்தேன். ஏதோ சரியில்லை. உள்ளங்கையில் ஒரு பள்ளம் உறுத்தியது. விரல் நுனி படும் இடத்தில் வழவழவென்று இருக்க வேண்டியது, ஒரு மேடு. கட்டைவிரல் எங்கே வைத்தாலும் வழுக்கியது. இவ்வளவு அழகாகப் பாலிஷ் போடத் தெரிந்தவன் பிடியைக் கோணலாக ஏன் செய்தான்?

நான் முழிப்பதைப் பார்த்து வியாபாரி வாங்கிக்கொண்டார். வலது கையில் பிடித்தார், முகம் சுளித்தார். பிறகு மெதுவாக இடது கைக்கு மாற்றினார்.

கட்டைவிரல் வலது பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. விரல்கள் கீழே வரிசையாகப் பதிந்தன. பூட்டில் சாவி நுழைந்த மாதிரி.

"உங்க அப்பா..." என்று ஆரம்பித்தார்.

"இடது கைக்காரர்" என்றார் அம்மாள். "ஸ்கூல்ல அடிச்சு வலது கையில எழுத வெச்சாங்க. மத்ததெல்லாம் இடது கைதான்."

கராஜில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை வாட்சைப் பார்ப்பதை நிறுத்தினார்.

ஒன்றும் நிரூபணம் ஆகிவிடவில்லை, தெரியும். தீவு நிரூபணம் ஆகவில்லை, விமானம் ஆகவில்லை. அந்தப் பிடியை ஒரு இடது கைக்காரர் தனக்காகச் செய்துகொண்டார் என்பது மட்டும் கையில் தெரிந்தது. கஸ்டம் என்றால் இதுதானே! ஒரே ஒரு கைக்கு மட்டும் பொருந்துகிற பிடி. ஸ்கேகலும் லவ்லெஸும் யாரென்றே தெரியாத கைகளுக்காகச் செய்தார்கள், அபாரமாகவும் செய்தார்கள். இவருக்கு அந்தத் திறமை கிடையாது. அலுமினியத் தகடு ஒன்று சாய்ந்திருந்தது, அடியில் ராவிய கீறல் போகவில்லை. தொழிலாகப் பார்த்தால் நான் பாஸ் மார்க்தான் போடுவேன். ஆனால் பிடி எதற்காக இருக்கிறதோ அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. எந்தக் கம்பெனி என்று கேட்கிற கண்ணுக்கு இது தெரியாது. அதே கண், யாருடைய கை என்று கேட்டால் பத்து நொடியில் தெரிந்துவிடும். வியாபாரிக்குத் தெரிந்துவிட்டதே!

அவர் விலையை ஏற்றவில்லை. சினிமாவாக இருந்தால் ஏற்றியிருப்பார். "நாற்பதுக்கு மேல என்னால விற்க முடியாது. பொய் சொல்லி ஆசை காட்ட மாட்டேன்" என்றார். அப்புறம் சொன்னார்: "ஆனா நீங்க இதை விற்காதீங்க. நான் வாங்கிட்டுப் போனா என் மேஜையில ஒரு வாரம் கதையோட இருக்கும். அடுத்த ஆள்கிட்ட போனா வெறும் பிடி மாத்தின கத்தி. அப்பா பேரு, எந்த வருஷம், எந்தத் தீவு, இடது கை, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி உறைக்குள்ள போட்டு வைங்க. எழுதின கதையைத்தான் நாங்க நம்புவோம்."

அந்தக் கடைசி வரியில் லேசாக அசடு வழிந்தார் என்று எனக்குத் தோன்றியது. அம்மாள் பேனாவைத் தேடினார். நான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விலைச் சீட்டைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். வியாபாரி ஒரு டப்பா தூண்டில் முள் வாங்கிக்கொண்டு போனார்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். ஒரு பித்தளைச் சொம்பு அகப்பட்டது. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் விடமாட்டோமே, அதிலும் புள்ளி புள்ளியாக ஒரு பெண் பெயர் வெட்டியிருந்தது. எனக்குத் தெரிந்து குடும்பத்தில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. மிச்சிகனில் கதை இருந்தது, கத்தியில் பெயர் இல்லை. இங்கே சொம்பில் பெயர் இருக்கிறது, கதையைக் காணோம். பழைய பாத்திரக்காரர் பெயரையும் சேர்த்துக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எண்பது வயது, ஞாபகம் கெட்டி.

"அதுவா? நம்ம பாட்டியோட தங்கைடா. கல்யாணத்துக்கு வாங்கின சீர்ப் பாத்திரம். கல்யாணத்துக்கு முன்னாடியே ஜுரம் வந்து போயிட்டாளாம். பாட்டி அந்தச் சொம்பை யாருக்கும் தர மாட்டா. ஏன், இப்ப எதுக்குக் கேக்கறே?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சொம்புக்குள் போட்டு வைத்தேன்.